பின்புறம் இழந்த உறை: இசைத்தட்டு உறை வடிவமைப்பின் தேய்வும் தமிழ்த் திரையிசை ஆவண மரபும்

ஆய்வுச்சுருக்கம்

எண்ணிமக் காலத்தில் இசைத்தட்டு உறை வடிவமைப்பு தேய்ந்தது பெரும்பாலும் ஓவியக்கலையின் இழப்பாகவே பேசப்படுகிறது. உறையின் முன்புறப் படம் சிறுத்தேனும் எஞ்சியிருக்க, பெயர்களையும் ஆண்டையும் தாங்கிய பின்புறம் முற்றாக மறைந்தது என்பதையும், அம்மறைவு தமிழ்த் திரைப்பாடல் ஆய்வின் சான்றடிப்படையைத் தொடுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உறை தோன்றிய வரலாறு

இசைத்தொகுப்பைக் குறிக்க இன்று வழங்கும் ‘ஆல்பம்’ என்னும் சொல் நூற்கட்டிலிருந்து வந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் 10 அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். நீண்டதொரு சிம்பொனியை வெளியிடப் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றைத் தாளுறைகளில் இட்டு, ஒளிப்படத் தொகுதியைப் போல முதுகுகட்டி விற்றனர். தட்டு ஒன்றாகச் சுருங்கிய பின்னும், தட்டே இல்லாது போன பின்னும் பெயர் நின்றுவிட்டது.

அக்கட்டுகளின் புறம் நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது; பழுப்பு அல்லது சாம்பல் நிற அட்டையில் தலைப்பு மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அவை கல்லறைக் கற்களோடு ஒப்பிடப்பட்டதில் வியப்பில்லை. 1939இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் கலை இயக்குநராகச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞர், ஒவ்வொரு தொகுப்பிற்கும் தனித்தனியே படம் வரைந்து அட்டையில் அச்சிடலாம் என்று நிறுவனத்தாரை இணங்கவைத்தார். 1948இல் அதே நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ சுற்றுகள் கொண்ட நெடுந்தட்டை அறிமுகப்படுத்தியபோது, அதற்குரிய மெல்லிய அட்டை உறையின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கிருந்தது. 12 அங்குலத் தட்டைக் கொள்ளும் பொருட்டு அமைந்த, பக்கத்திற்கு ஏறத்தாழ 31 செ.மீ. அளவுள்ள அச்சதுரமே அடுத்த நாற்பதாண்டுகளுக்கு வடிவமைப்பாளரின் களமாயிற்று.

அக்களத்தில் விளைந்தவை பரவலாக அறியப்பட்டவை. புளூ நோட் நிறுவனத்தின் ஜாஸ் தட்டுகளுக்கு ரீட் மைல்ஸ், பிரான்சிஸ் உல்ஃப் எடுத்த ஒளிப்படங்களை வெட்டியும் எழுத்தையே உருவமாக்கியும் நூற்றுக்கணக்கான உறைகளைப் படைத்தார். 1967இல் பீட்டர் பிளேக், ஜேன் ஹாவர்த் இருவரும் பீட்டில்ஸ் குழுவினரின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ தொகுப்புக்கு அமைத்த கூட்டக்காட்சியும், 1973இல் ஹிப்னாசிஸ் குழுவினர் பிங்க் ஃபிளாய்டின் தொகுப்புக்கு அமைத்த முப்பட்டகமும் இசையைக் கேட்டிராதவருக்கும் தெரிந்தவை.

ஆயின் இவ்வுறைகளைப் போற்றுவோர் அவற்றைத் திருப்பிப் பார்ப்பது அரிது. புளூ நோட் உறையின் பின்புறத்தில் எந்தக் கருவியை யார் இசைத்தார், பதிவு நிகழ்ந்த நாள், பதிவுப் பொறியாளர் ஆகிய செய்திகளும், இசைத்திறனாய்வாளர் ஒருவரின் நீண்ட குறிப்புரையும் இடம்பெறுவது வழக்கம். ஜாஸ் வரலாற்றின் தட்டுப்பட்டியல்கள் பலவும் இத்தகைய குறிப்புகளின் மேல் எழுந்தவை. ‘சார்ஜன்ட் பெப்பர்’ உறையின் பின்புறத்தில்தான் பாடல்களின் சொற்கள் முழுமையாக அச்சிடப்பட்டன. பாடலைக் கேட்பதோடு படிக்கவும் வேண்டும் என்ற எண்ணம் வெகுமக்கள் இசைக்குள் நுழைந்ததில் அப்பக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு. முன்புறம் வாங்குபவரை அழைத்தது. பின்புறம் வாங்கியவரோடு பேசியது.

பாயிரமும் உறையும்

நூலின் தலைப்பு, ஆசிரியர் பெயர், முன்னுரை, பின்னட்டைக் குறிப்பு முதலியவற்றைப் பனுவல்சூழ் கூறுகள் என வகுத்து 1987இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஜெரார் ஜெனெட் ஆராய்ந்தார். தம் நூலுக்கு ‘வாயில்கள்’ என்று பொருள்படும் தலைப்பையே அவர் இட்டார். இசைத்தட்டு உறையை ஆராய்வோர் பலரும் அவர் வகுத்த கருத்தைத் துணைக்கொள்கின்றனர். தமிழாய்வாளருக்கு இக்கருத்து புதிதன்று. நன்னூல் பாயிர இலக்கணம் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும், அவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பேசுகிறது. பாயிரம் கூறும் இப்பதினொன்றில் ஆக்கியோன், பெயர், காலம், களம் ஆகிய நான்கையேனும் நல்ல உறை ஒன்றன் பின்புறம் தந்துவிடும்.

இதனினும் நெருங்கிய ஒப்புமை பரிபாடலில் உண்டு. சங்கத் தொகைநூல்கள் பலவற்றின் பாடல்களுக்கு அடியிலும் பாடினோர் பெயர் காணப்படும். பரிபாடலின் முழுப்பாடல்கள் பலவற்றில் பாடிய புலவர் பெயருக்குப் பின் இசை வகுத்தவர் பெயரும், அதன்பின் பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணின் பெயரும் தரப்பட்டுள்ளன. பெட்டனாகனார், கண்ணனாகனார், நன்னாகனார் முதலிய இசைவாணர்கள் இன்று நமக்குத் தெரிவது இவ்வடிக்குறிப்புகளால்தான். அவர்கள் அமைத்த இசை முற்றிலும் அழிந்தது, குறிப்பு நின்றது. எண்ணிம இசையில் நிகழ்வது இதன் மறுதலை: ஒலி சிறிதும் தேயாமல் நிற்கிறது, அதைப் படைத்தவர் யாவர் என்னும் குறிப்பு உதிர்கிறது. பரிபாடலில் கிடைக்கும் 22 முழுப்பாடல்களுக்கு அப்பால், உரைகளில் மேற்கோளாக வந்தவையும் புறத்திரட்டில் சேர்ந்தவையுமான சில பகுதிகளும் பரிபாடல் திரட்டு என இணைக்கப்பட்டுள்ளன. நூலிலிருந்து பிரித்தெடுத்து ஆளப்பட்ட அப்பகுதிகளோடு இசை வகுத்தோர் பெயர் வரவில்லை. தொகுப்பிலிருந்து தனிப்பாட்டு பிரியும்போது நேர்வது என்ன என்பதற்குத் தமிழில் பழைய சான்று இதுவே எனலாம்.

தமிழ் இசைத்தட்டின் உறை

இந்தியாவில் வணிக நோக்கிலான இசைப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. அங்குப் பாடிய கௌஹர் ஜான் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். பதிவுகள் செருமனியின் ஹானோவருக்குச் சென்று தட்டாக வார்க்கப்பட வேண்டியிருந்தமையால், எத்தட்டு எவருடையது என்று தொழிற்கூடத்தார் அறிவதற்கே இவ்வேற்பாடு என்பர். எழுதி ஒட்டிய சீட்டு கழன்றுபோகலாம். ஒலிக்குள் புதைத்த பெயர் கழலாது. இசைப்பதிவின் தொடக்கத்திலேயே பெயரைக் காக்கும் கவலை இருந்தது என்பதற்காகவே இச்செய்தி இங்குச் சுட்டப்படுகிறது.

தமிழகத்தில் 78 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் நடுவில் வட்டமாகத் துளையிட்ட பழுப்புத் தாளுறையில் விற்கப்பட்டன. உறையில் நிறுவனத்தின் முத்திரையோ விற்பனையாளரின் விளம்பரமோ இருக்கும். தட்டுக்கே உரிய செய்தி நடுச்சீட்டில் இருக்கும். அச்சீட்டைப் படிப்பதற்கே உறையின் துளை. கருநாடக இசைத்தட்டாயின் சீட்டில் பாடகர் பெயரோடு இராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். திரைப்படம் பேசத் தொடங்கிய 1931க்குப் பின், திரையரங்குகளில் விற்ற பாட்டுப் புத்தகம் இப்பணியின் மறுபாதியை ஏற்றது. கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல், பாடல்களின் முழுவடிவம் ஆகியவற்றைக் கொண்ட அம்மெலிந்த புத்தகத்தைத் தட்டின் பிரிந்து கிடந்த உறை என்றே கருதலாம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற தொகுப்புகளில் இவை காக்கப்பெற்றமையால் தொடக்ககாலத் திரைப்பாடல் ஆய்வு ஓரளவு வலுவான நிலத்தில் நிற்கிறது.

அச்சிட்ட அட்டையுறை திரையிசையில் பரவியது 45 சுற்று, 7 அங்குலச் சிறுதட்டுகளோடும் பின்னர் நெடுந்தட்டுகளோடும் ஆகும். கலைநோக்கில் இவற்றை மேற்சொன்ன அமெரிக்க, ஆங்கிலேய உறைகளோடு ஒப்பிட்டு மிகைபடப் புகழ்வதில் பொருளில்லை. திரைப்படத்தின் நிழற்படமொன்றும் சுவரொட்டிக்கென வரைந்த தலைப்பெழுத்தும் சேர்ந்தால் முன்புறம் முடிந்தது. வரைந்தவர் பெயர் பெரும்பாலும் இராது. எனினும் அத்தலைப்பெழுத்துகள் கையால் வரையப்பட்டவை. படத்தின் தன்மைக்கேற்ப வளைந்தும் உடைந்தும் சாய்ந்தும் நின்ற தமிழெழுத்துகள். அச்சுக்கோப்பு எழுத்துருக்களின் வரலாற்றை எழுதுவோர் இக்கையெழுத்து மரபை இன்னும் போதிய அளவு எட்டவில்லை.

பின்புறத்தில் படம், தயாரிப்பு நிறுவனம், இசையமைப்பாளர் பெயர்களும், பாட்டின் முதலடி, பாடியோர், பாடலாசிரியர் என்ற நிரலும் இருக்கும். இந்நிரலின் மதிப்பை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். எம்.எஸ்.விசுவநாதனும் டி.கே.ராமமூர்த்தியும் 1952 முதல் 1965 வரை இணைந்து இசையமைத்துப் பின்னர்ப் பிரிந்தனர். அக்காலத் தட்டில் ‘விசுவநாதன்–ராமமூர்த்தி’ என்று இருப்பதும் பிற்காலத் தட்டில் விசுவநாதன் பெயர் தனித்து இருப்பதும் இசைநடை ஆய்வுக்கு இன்றியமையாத கால எல்லைகள். பின்னைப் பட்டியல்களில் இணைப்பெயர் சுருங்கி ஒருவர் பெயரே நிற்கக் காண்கையில், ஒரு கலைஞரின் பதின்மூன்றாண்டு உழைப்பு பதிவேட்டிலிருந்து நழுவுகிறது. பாடலாசிரியர் நிலை இன்னும் இடர்ப்பாடானது. 1963இல் வெளியான ‘கற்பகம்’ படத்தின் பாடல்கள் அனைத்தையும் வாலி எழுதினார். ஆயினும் அக்காலத்து வாலி பாடல்கள் பல கண்ணதாசன் பெயரில் வழங்குவது திரைப்பாடல் ஆர்வலர் நன்கறிந்த பிழை. நடையை மட்டும் கொண்டு இதனைத் தீர்க்க முனைவது, ஆசிரியர் பெயர் தெரியாத தனிப்பாடலைக் காளமேகம் தலையில் ஏற்றும் பழக்கத்தைப் போன்றதே. அச்சிட்ட உறை இருக்குமாயின் வழக்கு ஒருவரியில் முடிந்துவிடும்.

ஒலிநாடாவில் தொடங்கிய தேய்வு

உறையின் வீழ்ச்சிக்கு எண்ணிமத்தை மட்டுமே பொறுப்பாக்குவது வழக்கம். தமிழ்ச் சூழலில் அது முழுவதும் பொருந்தாது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடாப் பேழை இங்கு 1980களில் தட்டை வென்றது. பேழையின் உள்ளட்டை முகம் ஏறத்தாழ 10 செ.மீ. உயரமும் 6.5 செ.மீ. அகலமும் கொண்டது, நெடுந்தட்டு உறையின் பரப்பில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு. அதிலும் ‘அ’ பக்கம் ஒரு படம், ‘ஆ’ பக்கம் மற்றொரு படம் என இரு படங்களின் பாடல்களை ஒரே பேழையில் அடைத்து விற்கும் முறை பரவியபோது, இரண்டு நிழற்படங்களுக்கும் இரண்டு தலைப்புகளுக்கும் போக எஞ்சிய இடத்தில் பாடலாசிரியர் பெயரே முதலில் வெளியேறியது.

ஊர்தோறும் இருந்த பாடல் பதிவுக் கடைகள் இதனை மேலும் ஒருபடி கொண்டுசென்றன. வாடிக்கையாளர் தாம் விரும்பும் பாடல்களைப் பட்டியலிட்டுக் கொடுப்பார்; கடைக்காரர் தம்மிடமுள்ள தட்டுகளிலிருந்து வெற்றுநாடாவில் பதிந்து, முதலடிகளை உள்ளட்டையில் பேனாவால் எழுதித் தருவார். படம், ஆசிரியர், ஆண்டு எதுவுமின்றி முதலடிகள் மட்டும் வரிசையாக நிற்கும் அவ்வட்டை, இன்றைய விருப்பப் பாடற்பட்டியலின் முன்னோடி. கேட்பவரின் இரசனைக்கு அது அரிய ஆவணம் என்பதையும் மறுக்க இயலாது. எவ்வூரில் எப்பாடல்கள் எப்பாடல்களோடு சேர்த்துக் கேட்கப்பட்டன என்பதை வேறெந்தச் சான்றும் கூறாது.

இதற்கு மாறான போக்கும் இருந்தது. 1992இல் ‘ரோஜா’வுடன் திரையிசைக்கு வந்த ஏ.ஆர்.ரகுமான், தம் தொகுப்புகளின் உள்ளட்டைகளில் கருவி இசைத்தோர், ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆகியோர் பெயர்களை இடம்பெறச் செய்தார். அதுவரை இசைக்குழு என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்திருந்த குழலிசைஞரும் கிதார் கலைஞரும் பெயர் பெற்றனர். 1982இல் அறிமுகமாகிப் பின்னர் இங்குப் பரவிய குறுந்தகட்டின் உறை 12 செ.மீ. சதுரமே எனினும், அதற்குள் மடித்து வைத்த பல பக்கச் சிறுநூலுக்கு இடமிருந்தது. பரப்பு சுருங்கியதே தேய்வின் காரணம் என்னும் விளக்கம் ஆகவே போதாது. தமிழ்த் திரையிசை உறை தன் வரலாற்றில் மிகுதியான பெயர்களைச் சொன்னது அதன் மிகச் சிறிய அளவில்தான்.

128 பைட் பாயிரம்

எம்பி3 கோப்பு பரவியபோது, அது யாருடைய பாட்டு என்பதைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்க 1996இல் எரிக் கெம்ப் என்பவர் ஒரு முறையை வகுத்தார். ஐடி3 எனப்பட்ட அக்குறிப்பின் முழுநீளம் 128 பைட். தலைப்புக்கு 30, கலைஞர் பெயருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகையைக் காட்டும் எண்ணுக்கு 1, தொடக்க அடையாளத்திற்கு 3. பாடலாசிரியருக்கு இடமில்லை, இசையமைப்பாளருக்கும் இல்லை. பாடுபவரே எழுதி இசையமைக்கும் மேலைநாட்டு வெகுமக்கள் இசையை நினைந்து அமைந்த இக்கட்டத்தில், எழுதுபவர், இசையமைப்பவர், பாடுபவர் என மூவரால் ஆகும் தமிழ்த் திரைப்பாட்டைப் பொருத்த முயன்றபோது ‘கலைஞர்’ என்ற ஒற்றை இடத்திற்கு மூவர் போட்டியிட்டனர். சிலர் பாடகரை இட்டனர். சிலர் இசையமைப்பாளரை இட்டனர். எவரும் பாடலாசிரியரை இடவில்லை என்று சொல்வது பெரிய மிகையாகாது. தமிழெழுத்தில் எழுதுவோருக்கு மற்றுமோர் இடர்: யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதால், 30 பைட்டில் 10 குறிகளே அடங்கும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படும் நிலையில், ஓரளவு நீண்ட முதலடி எதுவும் அதற்குள் நுழையாது.

1998இல் வந்த இரண்டாம் பதிப்பு இக்குறையைப் பெரிதும் நீக்கியது. இசையமைப்பாளர், பாடல்வரி எழுதியவர், உறைப்படம் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்கள் வகுக்கப்பட்டன. ஆகவே, இடமின்மை என்னும் சாக்கு கால் நூற்றாண்டுக்கு முன்பே காலாவதியாயிற்று. நிரப்பப்பட்டதோ உறைப்படத்திற்குரிய இடம் மட்டுமே. 2003இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் அங்காடி திறந்து, பாடல்களைத் தனித்தனியே விற்கத் தொடங்கியபோது உறையின் முன்புறம் ஒரு சிறு சதுரமாக உடன்சென்றது, பின்புறம் செல்லவில்லை. அந்நிறுவனமே 2009இல் படங்கள், பாடல்வரிகள், குறிப்புரைகள் ஆகியன சேர்ந்த விரிந்த எண்ணிம உறை ஒன்றை முயன்றது. அது நிலைபெறவில்லை. ஸ்பாட்டிஃபை தன் பாடல்களுக்கு எழுதியோர், தயாரித்தோர் பெயர்களைக் காட்டத் தொடங்கியது 2018இல்தான். அப்பெயர்களும் பதிவேற்றும் நிறுவனம் தருவதைப் பொறுத்தவை. காண விரும்புவோர் தேடிச்சென்று திறந்தாலன்றிக் கண்ணில் படாதவை.

வடிவமைப்பாளர் முன் இன்றுள்ள பணி விந்தையானது. பக்கத்திற்கு 3000 படப்புள்ளி அளவில் அவர் அளிக்கும் படம் கைபேசித் திரையில் விரல்நக அளவில் தோன்றும். நுண்ணிய கோடும் சிறிய எழுத்தும் அங்குப் பயனற்றவை. ஒரு முகமும் ஒரு நிறமும் பெரிய தலைப்பும் போதும். தலைப்பும் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் அமைகிறது. ழகரத்தையும் நெடில்களையும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஒலிபெயர்ப்பதால், ஒரே பாடல் பல பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. இளையராஜாவின் பெயருக்கே வழங்கும் உரோமன் வடிவங்கள் ஒன்றிரண்டல்ல.

ஆண்டும் உரிமையும்

உறைக்குறிப்பைப் பழம்பொருள் ஆர்வமாகக் கருதுவோர் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தை நோக்குதல் தகும். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1984இல் சேர்க்கப்பட்ட 52அ பிரிவு, ஒலிப்பதிவிலும் அதன் கொள்கலத்திலும் பதிவைச் செய்தவர் பெயரும் முகவரியும், பதிப்புரிமையாளர் பெயரும் முகவரியும், முதல் வெளியீட்டு ஆண்டும் காட்டப்படவேண்டும் என்கிறது. உரிமையாளரைக் கேட்ட சட்டம் பாடலை எழுதியவர் பெயரைக் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கள்ளப்பதிப்பைத் தடுப்பதே அன்றைய நோக்கம். கொள்கலமே இல்லாத இணையவழி இசையில் இவ்விதியின் உயிர் எங்கே நிற்கிறது என்பது தெளிவாகவில்லை.

அவ்வாண்டுக் குறிப்பின் எடை பெரிது. ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நிலவும். 1963இல் வெளியான ஒலிப்பதிவின் உரிமை 2023 இறுதியில் முடிந்தது. பாட்டின் சொற்களுக்கோ ஆசிரியர் மறைந்த ஆண்டே அளவுகோல். 2013இல் மறைந்த வாலியின் பாடல்வரிகள் 2073 இறுதி வரை உரிமைக்கு உட்பட்டவை. ஒரே தட்டின் ஒலிக்கும் சொல்லுக்கும் இடையே அரை நூற்றாண்டு வேறுபாடு. இதனைக் கணக்கிட வெளியீட்டு ஆண்டும் பாடலாசிரியர் பெயரும் ஐயமறத் தெரிய வேண்டும். இணையச் சேவைகள் காட்டும் ஆண்டோ பலவேளை மறுவெளியீட்டுத் தொகுப்பின் ஆண்டாக இருக்கிறது. பதிவுகளுக்கு வழங்கப்படும் பன்னாட்டுக் குறியெண்ணில் உள்ள ஆண்டும் எண் ஒதுக்கப்பட்ட ஆண்டே, பதிவான ஆண்டன்று. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகை பெறும் விட்டுக்கொடுக்கவியலாத உரிமையை அளித்த பிறகு, பெயர் விடுபடுதல் என்பது வருவாய் விடுபடுதலும் ஆயிற்று.

உறையை விவரித்தல்

அமெரிக்காவில் 2020இல், 1986க்குப் பின் முதன்முறையாக, இசைத்தட்டின் விற்பனை வருவாய் குறுந்தகட்டின் வருவாயை விஞ்சியது. பெரிய உறையைக் கையில் ஏந்தும் விருப்பமும் இம்மீட்சிக்கு ஒரு காரணம் என்பர். தமிழ்த் தட்டுகளைப் பொறுத்தவரை இம்மீட்சி சேகரிப்பாளர் சந்தையாகவே உள்ளது. உறை கிழியாத இளையராஜா நெடுந்தட்டுக்கு நல்ல விலை உண்டு. பழுப்புத் தாளுறையிலுள்ள பெயரறியாப் பாடகரின் தட்டுக்கு இல்லை. கடலோர ஈரத்தில் பூஞ்சை முதலில் தின்பது தட்டையன்று, தாளை. 1985இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய தட்டுக்கடைகளோடு போனவற்றுக்குப் பட்டியலே இல்லை.

தமிழ்நாட்டு நூலகங்களிலும் தனியார் சேகரங்களிலும் உள்ள தட்டுகளை எண்ணிமமாக்கும் பணிகளில் ஒலிக்கே முதன்மை தரப்படுவது இயல்பு. ஒலிக்கோப்போடு உறையின் முன்புறப் படம் ஒன்றைச் சேர்ப்பதோடு விவரிப்பு நின்றுவிடுமாயின், இணைய அங்காடியின் வழக்கத்தையே ஆவணக்காப்பகமும் பின்பற்றியதாகும். பின்புறமும் நடுச்சீட்டும் படியெடுக்கப்பட வேண்டும். அவற்றிலுள்ள எழுத்து, பிழைகளைத் திருத்தாமல், உள்ளவாறே தட்டச்சிடப்பட வேண்டும். பட்டியல் எண்ணும், தட்டின் உள்விளிம்பில் கீறப்பட்ட வார்ப்பெண்ணும் பதிவாக வேண்டும். ஒரே பாட்டின் இரு வெளியீடுகளைப் பிரித்தறிய வேறு வழி பெரும்பாலும் இல்லை. பதிவுக் கடைகளின் கையெழுத்து உள்ளட்டைகளுக்கும் ஒரு வகைப்பெயர் வேண்டும். இப்போதைய நூலக விதிகளில் அவை வெற்றுநாடாவின் மேலட்டை என்றே கழிக்கப்படும். உறையும் பாட்டுப் புத்தகமும் முரண்படும் இடங்களில் எதனைக் கொள்வது என்பது ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு காண்பது போன்றதே. இரண்டையும் தந்து, கொண்டதற்குக் காரணம் எழுதுவதே முறை. அதற்கு உறையின் இரு பக்கங்களும் முதலில் கையில் இருக்க வேண்டும்.